டோக்கியோவில் அப்பாவைத் தேடும் பிலிப்பினோ தோழி: எந்த அலுவலகத்தில் தொடங்குவது?

#1 பாலா_நிஷிகசாய்

அலுவலகத் தோழி ஒருவருக்காகக் கேட்கிறேன். பிலிப்பைன்ஸ்காரர், வயது 29. அப்பா ஜப்பானியர். அம்மா 90களில் என்டர்டெய்னர் விசாவில் வந்து கின்ஷிசோ பக்கம் வேலை பார்த்தவர். 1995இல் மணிலாவில் கல்யாணம், பிறகு ஓராண்டு மனைவி விசாவில் டோக்கியோ வாசம், பிரசவத்துக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. 2000 வரை அப்பா வந்து போயிருக்கிறார். அதற்கப்புறம் தொடர்பே இல்லை. அம்மா இறந்துவிட்டார்.

கையில் இருப்பவை: தோழியின் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் பழைய பாஸ்போர்ட், இரண்டு போட்டோ, அப்பா அனுப்பிய ஓர் உறை. உறையின் பின்பக்கம் கையெழுத்தில் ஏதோ முகவரி, பாதி அழிந்திருக்கிறது. பெயர் ஆங்கில எழுத்தில் மட்டும்தான் தெரியும். ஃபேஸ்புக்கில் அந்தப் பெயரைப் போட்டால் நூறு பேர் வருகிறார்கள். போலீஸில் சொல்லலாமா? குயாகுஷோவில், அதாவது வார்டு அலுவலகத்தில், கேட்டால் சொல்வார்களா? தோழி வேலை விசாவில் டோக்கியோவில்தான் இருக்கிறார்.

#2 முத்திரைத்தாள்

போலீஸ் வேண்டாம். காணாமல்போனவர் மனு கொடுக்க உறவினருக்கு உரிமை உண்டு. ஆனால் வயதுவந்த ஒருவர் தானாக விலகிப் போயிருந்தால், கண்டுபிடித்தாலும் "நலமாக இருக்கிறார்" என்பதற்கு மேல் சொல்ல மாட்டார்கள். முகவரி தர வேண்டுமென்றால் அவர் சம்மதிக்க வேண்டும்.

குயாகுஷோவில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டாலும் ஒன்றும் கிடைக்காது. ஜப்பானில் ஆளுக்கு இரண்டு பதிவு. ஒன்று ஜூமின்ஹ்யோ, இப்போது குடியிருக்கும் முகவரி. இன்னொன்று கொசெகி, குடும்பப் பதிவேடு: பிறப்பு, கல்யாணம், விவாகரத்து, சாவு எல்லாம் அதில் ஏறும். ஜூமின்ஹ்யோவை, ஒரே வீட்டில் இல்லாத மகள் மகள் என்பதால் மட்டும் வாங்க முடியாது. கொசெகியை வாங்க முடியும். நேர்வாரிசுக்குச் சட்டமே அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது, காரணம்கூடச் சொல்ல வேண்டாம். பெற்றோர் பிரிந்தாலும் பிள்ளையின் உரிமை போகாது.

கொசெகியோடு ஒட்டி ஃபுஹ்யோ என்று ஒரு தாள் உண்டு. அந்தக் கொசெகியில் இருப்பவர் எங்கெங்கே குடிமாறினார் என்ற முகவரி வரிசை அதில் இருக்கும். தோழிக்கு வேண்டியது அந்த ஒரு தாள்தான். விலை பெரும்பாலான இடங்களில் 300 யென்.

சிக்கல் இதுதான். கொசெகியைப் பெயரை வைத்துத் தேட முடியாது. ஹொன்செகி என்கிற பதிவு இடமும் ஹித்தோஷா என்கிற குடும்பப் பதிவின் முதல் பெயரும் தெரிய வேண்டும், இரண்டும் கான்ஜி என்ற சீன எழுத்தில். ஹொன்செகிக்கும் குடியிருக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இருக்க வேண்டாம். அரண்மனை இருக்கிற சியோதா வார்டு சியோதா 1 என்ற இடத்தையே ஹொன்செகியாக வைத்திருப்பவர்கள் ஏராளம். ஆக, முதலில் தேட வேண்டியது அந்த ஊர்ப்பெயரை.

பாலா, ஒன்று மட்டும் சொல்லுங்கள். கல்யாணம் ஜப்பானிலும் பதிவானதா?

#3 பாலா_நிஷிகசாய்

அம்மாவின் பாஸ்போர்ட்டில் மனைவி விசா முத்திரை இருக்கிறது. தோழியின் பிறப்பை ஜப்பான் தூதரகத்தில் சொன்னதாகத் தெரியவில்லை.

#4 முத்திரைத்தாள்

அப்படியென்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்த விசா கிடைக்க, கல்யாணம் ஏறிய கொசெகி நகலைக் குடிவரவு அலுவலகத்தில் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே கல்யாணம் அப்பாவின் கொசெகியில் இருக்கிறது.

மகள் அதில் இருக்க மாட்டார். வெளிநாட்டில் பிறந்து அந்த நாட்டுக் குடியுரிமையும் கிடைத்த குழந்தைக்கு, பிறந்த 3 மாதத்துக்குள் ஜப்பானியக் குடியுரிமையைத் தக்கவைக்கிறோம் என்று அறிவிக்க வேண்டும். தவறினால் பிறந்த நாளிலிருந்தே குடியுரிமை இல்லை என்று ஆகிவிடும். குடியுரிமைச் சட்டம் பிரிவு 12. உச்ச நீதிமன்றமும் 2015 மார்ச்சில் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. இந்த மூன்று மாதக் கணக்கு தெரியாமல் போன வீடுகள் மணிலாவில் ஆயிரக்கணக்கில்.

குடியுரிமை போனதே தவிர, மகள் என்ற உறவு போகவில்லை. தாய் தந்தை கல்யாணமாகி இருந்த காலத்தில் பிறந்தவர். கொசெகியில் உள்ள கல்யாணப் பதிவையும் பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையம் தரும் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து வைத்தால் வாரிசு என்று நிரூபணம் ஆகிவிடும்.

#5 வண்டிச்சத்தம்

இவ்வளவு எதற்கு சார்? ஒரு டிடெக்டிவ் ஏஜென்சியிடம் கொடுத்தால் பத்து நாளில் முகவரி வந்துவிடாதா?

#6 சட்டநாதன்

டிடெக்டிவ் தொழிலுக்கு 2007 ஜூனிலிருந்து தனிச் சட்டம். பொதுப் பாதுகாப்பு ஆணையத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும், ஒப்பந்தத்துக்கு முன்னும் பின்னும் எழுத்தில் தாள் தர வேண்டும். கொசெகியையோ ஜூமின்ஹ்யோவையோ எடுக்க அவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. "எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் கள்ளவழி என்று அர்த்தம். 2008 மே முதல் மூன்றாம் நபர் கொசெகி வாங்குவதே மிகவும் கடினம். போதாததற்கு, பல நகராட்சிகளில் யாராவது பிறர் நகல் எடுத்தால் சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் போகும் ஏற்பாடும் இருக்கிறது. அப்பா அதற்குப் பதிவு செய்திருந்தால் முதல் செய்தியே தவறான வழியில் போய்ச் சேரும். மகளே 300 யென்னுக்கு முறையாக வாங்கக்கூடிய தாளுக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பானேன்?

வக்கீலுக்குத் தன் பணிக்காக கொசெகி கேட்கும் அதிகாரம் உண்டு. ஆனால் "முகவரி மட்டும் வேண்டும்" என்பதற்காக அதைப் பயன்படுத்த முடியாது. தந்தைமை, வாரிசுரிமை மாதிரி ஒரு வழக்கு கையில் இருக்க வேண்டும்.

#7 யோகோஹாமா_தேவி

ஃபேஸ்புக் பற்றி. பெயர் சாத்தோ ஹிரோஷி என்று வைத்துக்கொள்வோம். சாத்தோ இந்த நாட்டின் முதல் பெரிய குடும்பப்பெயர். ஹிரோஷி என்ற ஓசைக்கு ஒற்றைக் கான்ஜியே அரை டஜனுக்கு மேல் இருக்கிறது, இரட்டைக் கான்ஜி தனி. கான்ஜி இல்லாத தேடல் வைக்கோல்போரில் ஊசி. மறுபக்கமும் உண்டு. கொசெகியில் உச்சரிப்பு எழுதும் வழக்கமே 2025 மே 26க்கு முன் இல்லை. ஒரே கான்ஜியை மூன்று விதமாகப் படிக்கலாம். மணிலாவில் அவர் சொன்ன உச்சரிப்பும் அங்கே டைப் அடித்தவர் போட்ட எழுத்தும் வேறுவேறாக இருக்க வாய்ப்பு உண்டு.

உறையைக் கவனமாகப் பாருங்கள். தபால் குறியீடு ஏழு இலக்கமா, மூன்று அல்லது ஐந்து இலக்கமா? ஏழு இலக்கம் வந்தது 1998 பிப்ரவரியில். தொலைபேசி எண் இருந்தால் அதையும் பாருங்கள். டோக்கியோ 03க்குப் பிறகு ஏழு இலக்கம்தான் என்றால் 1991க்கு முந்தைய எண், 03க்கு அடுத்து ஒரு 3 சேர்த்தால் புதிய வடிவம். மொபைல் எண் பத்து இலக்கம் என்றால் 1999 ஜனவரிக்கு முந்தையது.

ஊர்ப்பெயரும் மாறியிருக்கும். உறையில் தனாஷி அல்லது ஹோயா என்றிருந்தால் இன்று அது நிஷிதோக்கியோ நகரம். உராவா, ஓமியா, யோனோ மூன்றும் 2001இல் சேர்ந்து சைதாமா நகரம் ஆகிவிட்டன. பழைய பெயருக்கு விண்ணப்பம் எழுதிவிட்டுப் பதில் வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம்.

அழிந்த கையெழுத்தைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். பால்பாயின்ட் பள்ளம் நிழலில் தெரியும்.

#8 பாலா_நிஷிகசாய்

அக்கா, குறியீடு மூன்று இலக்கம். சுமிதா வார்டு என்று படிக்க முடிகிறது. வீட்டு எண் தெரியவில்லை.

#9 முத்திரைத்தாள்

நல்லது. இனி ஹொன்செகி. மூன்று இடத்தில் அகப்படலாம். நான் முயலும் வரிசையில் சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் வெளிநாட்டவர் பதிவேடு. 2012 ஜூலை 9 வரை வெளிநாட்டவர்கள் எல்லோருக்கும் நகராட்சியில் ஒரு மூலப்பதிவு இருந்தது. அந்த முறை ஒழிந்தபோது மூலங்கள் குடிவரவு முகமைக்குப் போய்விட்டன, அலுவலகம் யோத்சுயாவில். இறந்தவரின் பதிவு நகலை நேர்வாரிசு கேட்கலாம், தபாலிலும் கேட்கலாம். அம்மாவின் இறப்புச் சான்று, மகளின் பிறப்புச் சான்று, இரண்டுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு, ரெசிடன்ஸ் கார்டு நகல் வேண்டும். வர ஏறக்குறைய ஒரு மாதம். மனைவி விசாவில் இருந்த காலத்துக்கு அதில் முகவரியும் குடும்பத் தலைவர் பெயரும் இருந்தால், அது கான்ஜியில் இருக்கும். அப்பாவின் பெயர் முதல்முறையாக ஒழுங்கான எழுத்தில் கிடைப்பது அங்கேதான்.

இரண்டாவது, கல்யாணம் நடந்த ஊரின் சிவில் பதிவாளர் அலுவலகம், பிலிப்பைன்ஸில். கல்யாணச் சான்றிதழ் மட்டும் கேட்காதீர்கள். கல்யாண லைசென்ஸ் விண்ணப்பத்தோடு இணைத்த தாள்களையும் கேளுங்கள். வெளிநாட்டு மாப்பிள்ளை "கல்யாணம் செய்யத் தகுதி உள்ளவர்" என்று தன் நாட்டுத் தூதரகச் சான்று கொடுத்தாக வேண்டும். சில கோப்புகளில் கொசெகியின் மொழிபெயர்ப்பே செருகியிருக்கும். புள்ளியியல் ஆணையத்தின் மைய நகலில் இந்த இணைப்புகள் வராது.

மூன்றாவது அப்பாவின் பாஸ்போர்ட் நகல், பழைய பெட்டியில் இருந்தால். ஜப்பானியப் பாஸ்போர்ட்டில் ஹொன்செகியின் மாகாணம் மட்டும்தான் அச்சாகும். டோக்கியோ என்று இருந்தால் 23 வார்டுகளும் புறநகர்களும் மிச்சம். ஆனால் அகிதா, ககோஷிமா என்று வந்தால் ஊர்க்காரர் என்று தெரியும், தேடும் திசையே மாறும்.

ஜப்பானியத் தாள்களில் தேதிகள் எல்லாம் பேரரசரின் ஆட்சி ஆண்டில் இருக்கும். ஷோவா ஆண்டோடு 1925, ஹெய்செய் ஆண்டோடு 1988, ரெய்வாவோடு 2018 கூட்டிக்கொள்ளுங்கள். கல்யாணம் ஹெய்செய் 7 என்று வரும்.

#10 வண்டிச்சத்தம்

மூலப்பதிவில் முகவரி மட்டும் வந்து ஹொன்செகி வராவிட்டால்?

#11 முத்திரைத்தாள்

நல்ல கேள்வி. அந்த முகவரி வார்டில், இங்கே சுமிதாவில், அப்பாவின் பழைய ஜூமின்ஹ்யோவின் நீக்கப்பதிவை, அதாவது குடிமாறிப் போனபின் ஒதுக்கி வைத்த பதிவை, கேட்க வேண்டும், "ஹொன்செகியோடு" என்று குறிப்பிட்டு. இங்கே மகள் என்ற உரிமை மட்டும் போதாது, காரணம் எழுத வேண்டும். "குடும்ப உறவை உறுதிப்படுத்தும் ஆவணங்கள் பெற" என்று எழுதி, கல்யாணச் சான்றும் பிறப்புச் சான்றும் வையுங்கள். அதிகாரிக்குத் தர மறுக்கவும் உரிமை உண்டு. இன்னொரு கண்ணியும் இருக்கிறது. நீக்கப்பதிவையும் பழைய ஃபுஹ்யோவையும் முன்பெல்லாம் 5 ஆண்டுதான் வைத்திருப்பார்கள். 2019 ஜூன் 20 முதல்தான் 150 ஆண்டு. ஆகவே 2014 ஜூனுக்கு முன் நீக்கப்பட்டவை அழிந்திருக்கலாம். அவர் 2001இல் சுமிதாவை விட்டுப் போயிருந்தால் வார்டில் கைவிரிப்பார்கள். அப்போது பிலிப்பைன்ஸ் கோப்புதான் கதி. அதனால்தான் இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கச் சொல்கிறேன். ஒன்று முடிந்தபின் இன்னொன்று என்று காத்திருக்க வேண்டாம்.

#12 அதாச்சி_ஆறுமுகம்

2024 மார்ச் 1 முதல் எந்த ஊர்க் கொசெகியையும் எந்தக் குயாகுஷோவிலும் வாங்கலாமே, கோஇகி கோஃபு என்று. தபால் வேலையே மிச்சம்.

#13 முத்திரைத்தாள்

அந்த முறையை நம்பிப் போனால் அரை நாள் வீணாகும் அண்ணா. காரணம் இரண்டு. அதில் ஃபுஹ்யோ கிடையாது. தோழிக்கு வேண்டியதே அதுதான். அடுத்தது, கவுன்டரில் இருப்பவர் உறவைத் திரையில் கொசெகியைப் பார்த்துச் சரிபார்ப்பார். மகளின் பெயரே கொசெகியில் இல்லாத இந்த மாதிரிக் கேஸில் பிலிப்பைன்ஸ் சான்றிதழை எடைபோட அவர் தயங்குவார், ஹொன்செகி ஊரில் கேளுங்கள் என்று அனுப்பிவிடுவார். நேரில் மட்டும், பிரதிநிதியும் கூடாது, தபாலும் கூடாது.

தபால் முறை இது. ஹொன்செகி நகராட்சியின் இணையதளத்தில் தபால் விண்ணப்ப ஃபாரம் இருக்கும். அதில் ஹொன்செகி, ஹித்தோஷா, வேண்டியவை: கொசெகி முழுநகல் 450 யென், ஜொசெகி அதாவது மூடிய பதிவு 750 யென், ஃபுஹ்யோ 300 யென். ஓரத்தில் ஒரு வரி சேருங்கள்: "தந்தையின் 1995 கல்யாணம் தெரியும் பதிவு முதல் இன்றுவரை, உங்களிடம் உள்ள அனைத்தும்." இந்த வரி இல்லாவிட்டால் கடைசித் தாளை மட்டும் அனுப்புவார்கள்.

பணம் ரொக்கமாக அல்ல, தபால் நிலையத்தில் தெய்ககு கொகவாசே என்ற பணச்சீட்டு வாங்க வேண்டும். சீட்டு ஒன்றுக்குக் கட்டணம் 200 யென். எத்தனை தாள் என்று முன்கூட்டித் தெரியாததால் 750இல் மூன்று, 450இல் ஒன்று, 300இல் இரண்டு வைத்தால் 3,300 யென், ஆறு சீட்டுக் கட்டணம் 1,200, ஆக 4,500. மிச்சச் சீட்டு திரும்பி வரும். சீட்டில் பெயர் எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதாதீர்கள், எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். வார நாட்களில் தபால் வங்கிக் கவுன்டரில்தான் கிடைக்கும்.

திரும்பும் உறையில் 110 யென் தபால்தலை, உள்ளே இன்னொரு 110 தனியாக. முகவரி தோழியின் ஜூமின்ஹ்யோவில் உள்ள அதே முகவரி. நண்பர் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ அனுப்ப மாட்டார்கள். மொழிபெயர்ப்பை அவரே செய்யலாம், அடியில் மொழிபெயர்த்தவர் பெயரும் தேதியும் வேண்டும்.

#14 யோகோஹாமா_தேவி

மொழிபெயர்ப்பில் காதகானா விஷயம் ஒன்று, வெளிநாட்டுப் பெயர்களை ஓசைப்படி எழுதும் ஜப்பானிய எழுத்து அது. கொசெகியில் அம்மாவின் பெயர் 1995இல் யாரோ எழுதிய காதகானாவில் இருக்கும். "டெலா க்ரூஸ்" என்ற ஒரே பெயருக்கு மூன்று நான்கு எழுத்துமுறை சாத்தியம், குடும்பப்பெயர் முன்னால் வரும், நடுப்பெயர் சில நேரம் விட்டுப்போகும். மொழிபெயர்ப்பில் நீங்கள் வேறு மாதிரி எழுதினால் "இது வேறு ஆள்" என்று தாள் திரும்பும். மூலப்பதிவு வந்தபின் அதில் உள்ள எழுத்தையே பார்த்து எழுதுங்கள்.

#15 முத்திரைத்தாள்

கொசெகி கைக்கு வந்தால் படிக்கும் விதம்:

அப்பா கொசெகியை வேறு ஊருக்கு மாற்றியிருந்தால், தென்செகி என்பார்கள், முடிந்துபோன கல்யாணமும் விவாகரத்தும் புதிய கொசெகியில் ஏறாது. புதியதை மட்டும் பார்த்தால் அம்மா என்று ஒருவர் இருந்ததே தெரியாது. தோழி பயப்பட வேண்டாம், அப்பா மறைத்ததாகவும் நினைக்க வேண்டாம். பதிவு முறையே அப்படி. முந்தைய ஊரின் ஜொசெகியில் அது இருக்கும். எந்த ஊரிலிருந்து வந்தது என்பது புதியதில் முதல் பகுதியிலேயே எழுதியிருக்கும். கணினிமயமான தேதியும் அப்படித்தான். அதற்கு முந்தைய கைப்பிரதிக்குக் காய்செய்கென் கொசெகி என்று பெயர், தனியாகக் கேட்க வேண்டும், அதுவும் 750.

விவாகரத்து பதிவாகியிருந்தால் வகையைப் பாருங்கள். இருவர் கையெழுத்தோடு தாளைக் கொடுத்தால் முடிந்துவிடும் ஒப்பந்த விவாகரத்து இங்கே உண்டு, கோர்ட்டே வேண்டாம். மனைவிக்குத் தெரியாமலே தாள் போன கேஸ்கள் இருக்கின்றன. தோழியின் பிறந்த தேதிக்கு முன்பே, 300 நாளுக்கும் மேல், விவாகரத்துத் தேதி இருந்தால் மட்டும் நிறுத்தி வக்கீலைப் பாருங்கள். வாரிசு நிரூபணமே மாறிவிடும்.

இறப்பு பதிவாகியிருந்தால் நாள், நேரம், இடம், அறிவித்தவர் பெயர், அவருக்கு என்ன உறவு என்பது வரை இருக்கும்.

ஃபுஹ்யோவில் கடைசி வரிதான் இன்றைய முகவரி. அந்த இடம் காலியாக இருந்து "ஷொக்கென் ஷோஜோ" என்றிருந்தால், ஆள் அங்கே குடியில்லை என்று நகராட்சியே நீக்கிவிட்டது. கடனுக்கோ குடும்பத்துக்கோ பயந்து மறைந்தவர்களை ஜோஹாத்சு, ஆவியானவர்கள் என்பார்கள். அவர்கள் பதிவு பெரும்பாலும் இந்த வரியில்தான் நிற்கும்.

தாளே தர முடியாது என்றால் ஷியென் சோச்சி காரணமாக இருக்கலாம். வன்முறை, பின்தொடர்தல் போன்றவற்றுக்காக முகவரியைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு. யாரைக் குறித்துப் பூட்டினார்கள் என்று கவுன்டரில் சொல்ல மாட்டார்கள். அங்கே வாதாடிப் பயனில்லை.

#16 அதாச்சி_ஆறுமுகம்

முகவரி நீங்கிப் போன கேஸுக்கும், பழைய முகவரி மட்டும் கிடைக்கும் கேஸுக்கும் சில வழி.

ஒன்று, சொத்துப் பதிவு. ஹோமுக்யோகு என்ற பதிவு அலுவலகத்தில் 600 யென் கட்டினால் யாரும் எந்த மனை, வீட்டின் பதிவு நகலையும் எடுக்கலாம், உறவு நிரூபிக்க வேண்டாம். உரிமையாளர் பெயரும், பதிவன்று அவருடைய முகவரியும் இருக்கும். ஆனால் தபால் முகவரி எண் வேறு, மனை எண் வேறு. இதில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். அலுவலகத்திலேயே நீல வரைபடம் என்று ஒன்று வைத்திருப்பார்கள், அதில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அவர் வாடகை வீட்டில் இருந்திருந்தால் இதில் பயன் குறைவு. வீட்டுக்காரர் யார் என்று மட்டும் தெரியும்.

இரண்டு, கம்பெனிப் பதிவு. கட்டட வேலை, சின்ன ஒர்க்ஷாப், பார் என்று சொந்தமாக நடத்தியவராக இருந்தால் கம்பெனி பதிவில் பிரதிநிதி இயக்குநரின் வீட்டு முகவரியே இருக்கும். 2024 அக்டோபர் முதல் அதை மறைக்கக் கேட்கலாம், ஆனால் பழைய பதிவுகளில் அப்படியே நிற்கும். போட்டோவில் ஹெல்மெட், வண்டிக் கதவு, சட்டைப் பையில் கம்பெனிப் பெயர் தெரிகிறதா பாருங்கள்.

மூன்று, நாகதாசோவில் தேசிய டயட் (நாடாளுமன்ற) நூலகம். பழைய தொலைபேசி டைரக்டரிகளும் ஜென்ரின் வீட்டு வரைபடங்களும் ஆண்டுவாரியாக இருக்கின்றன. ஜென்ரின் வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டின் மேலும் குடும்பப்பெயர் அச்சாகியிருக்கும். 1995ஆம் ஆண்டுச் சுமிதா வரைபடத்தில் அந்தத் தெருவில் அந்தக் குடும்பப்பெயர் எங்கே என்று பார்த்தால், உறையில் அழிந்த வீட்டு எண்ணும் கிடைக்கும், பெயருக்கு எந்தக் கான்ஜி என்பதும் தெரியும். மகளுக்குச் செலவு நகல் காசு மட்டும். வரைபடத்தில் ஒரு விரிப்பின் பாதிக்கு மேல் நகல் எடுக்கத் தர மாட்டார்கள், ஆகவே நோட்டும் பேனாவும் கொண்டு போகச் சொல்லுங்கள்.

#17 பாலா_நிஷிகசாய்

இது அருமை அண்ணா, சனிக்கிழமையே போகச் சொல்கிறேன். முகவரி கிடைத்துவிட்டால் நேரில் போகலாமா? தோழிக்கு அதுதான் ஆசை.

#18 வண்டிச்சத்தம்

போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். இருபத்தைந்து வருஷம் காத்திருந்த பெண், தபாலுக்கு வேறு காத்திருக்க வேண்டுமா? கடிதத்தைக் கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும்?

#19 யோகோஹாமா_தேவி

வேண்டாம். கதவைத் திறப்பது இன்றைய மனைவியாகவோ பள்ளிக்கூடப் பிள்ளையாகவோ இருக்கலாம். அந்த நிமிடத்தில் அந்த ஆள் என்ன சொல்வார்? "தெரியாது" என்பார். அப்படி ஒருமுறை சொல்லிவிட்டவர் பிறகு அதை மாற்றிக்கொள்வது கடினம். அலுவலகத்துக்குப் போவது அதைவிட மோசம்.

முதல் கடிதம் சாதாரணத் தபாலில். உள்ளே எழுதியதற்குத் தபால்துறை சான்று தரும் நாய்யோ ஷோமெய் வேண்டவே வேண்டாம், அது வழக்குப் போடுபவர் அனுப்புவது. உறையின் முன்பக்கம் இடது ஓரத்தில் ஷின்தென் என்று எழுதினால் "பெறுபவர் மட்டும் திறக்க" என்று அர்த்தம். அனுப்புநர் பெயரில் அப்பாவின் குடும்பப்பெயர் வேண்டாம். பெறுபவரே அடையாள அட்டை காட்டி வாங்கும் தபால் வகையும் உண்டு, ஆனால் அதற்கு வீட்டுக்கு முதலில் ஓர் அறிவிப்புத் தாள் வரும், "இது என்ன" என்று வீட்டில் கேள்வி எழும்.

உள்ளே அரைப் பக்கம். அம்மாவை அவர் எந்தப் பெயரில் கூப்பிட்டாரோ அந்தப் பெயர், கிளப்பில் வைத்த பெயராக இருந்தாலும் சரி. அவர்கள் சேர்ந்து இருந்த இடமும் ஆண்டும். தன் வயது, வேலை, தானே சம்பாதிக்கிறேன் என்ற ஒரு வரி. அது இல்லாவிட்டால் பணம் கேட்டு வந்த கடிதம் என்று நினைப்பார். பழைய போட்டோவின் நகல் ஒன்று, மூலம் வேண்டாம். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: "ஒருமுறை பார்க்க முடியுமா" அல்லது "உடல்நலம் எப்படி". ஏன் விட்டுப்போனீர்கள் என்ற கேள்வி முதல் கடிதத்தில் வேண்டாம்.

ஆகஸ்டு நடுவில் வரும் ஓபோன் பண்டிகை, ஆண்டு இறுதி, இரண்டு சமயமும் தவிருங்கள். வீடு முழுக்க உறவினர் இருப்பார்கள்.

"இந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை" என்ற முத்திரையோடு உறை திரும்பினால் அதை வைத்திருங்கள். வக்கீலிடம் போகும்போது அதுவும் ஓர் ஆவணம். திரும்பி வராவிட்டால் போய்ச் சேர்ந்தது என்று பொருள். அவர் தபால் நிலையத்தில் இடமாற்றம் அறிவித்திருந்தால் ஓராண்டு வரை தபால் புதிய முகவரிக்குப் போகும். இரண்டு மாதம் பொறுத்து இரண்டாவது கடிதம். மூன்றாவதை வக்கீலோ, இந்த வேலையைச் செய்யும் அமைப்போ எழுதுவது நல்லது. 1994இல் டோக்கியோவில் தொடங்கிய ஜேஎஃப்சி நெட்வொர்க்கும், மணிலாவில் அதன் கிளையான மலிகயா ஹவுஸும் இதே மாதிரிப் பிள்ளைகளுக்காகவே இருப்பவை.

வண்டிச்சத்தம், கிழித்துப் போடலாம்தான். ஆனால் கிழித்தவர் பலர் அதற்கு முன் ஒருமுறை படித்திருப்பார்.

#20 சட்டநாதன்

இறந்துவிட்டார் என்று தெரிந்தால் உடனே ஒரு கணக்கு. வாரிசு என்று தெரிந்த நாளிலிருந்து 3 மாதம். அதற்குள் குடும்ப நீதிமன்றத்தில் வாரிசுரிமையைத் துறக்கும் மனு போடாவிட்டால் அப்பாவின் கடனும் மகளுக்கு வரும். சொத்து இருந்தால் பங்கும் உண்டு: மனைவிக்குப் பாதி, மற்றப் பாதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமம். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குப் பாதிப் பங்கு என்ற பழைய விதி 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டுப் போயிற்று. சொத்து, கடன் இரண்டும் தெரியும் வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம், "வெறும் சம்பிரதாயம்" என்று மறுதரப்பு உறவினர் அனுப்பினாலும்.

#21 வண்டிச்சத்தம்

இதே நிலையில், ஆனால் கல்யாணமே ஆகாத பெற்றோர் என்றால்? நிறையப் பேர் அப்படித்தானே.

#22 சட்டநாதன்

2004இல் மட்டும் பிலிப்பைன்ஸிலிருந்து என்டர்டெய்னர் விசாவில் வந்தவர்கள் 80,000க்கு மேல், 2005இல்தான் விதி இறுகியது. அவர்களின் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கேள்வி உண்டு.

கல்யாணம் இல்லையென்றால் நிஞ்சி, அதாவது தந்தை தன் பிள்ளை என்று ஏற்கும் பதிவு வேண்டும். அது இருந்தால் அப்பாவின் கொசெகியில் தேதி, பிள்ளையின் பெயர், நாடு, பிறந்த நாள், அம்மா பெயர் ஐந்தும் இருக்கும். முத்திரைத்தாள் சொன்ன அதே கண்ணி இங்கும்: ஊர் மாறினால் அந்தப் பதிவு புதிய கொசெகிக்கு வராது. பழையதைத் தோண்டினால்தான் கிடைக்கும்.

நிஞ்சி இல்லையென்றால் சட்டப்படி மகள் இல்லை, கொசெகி கேட்கும் உரிமையும் இல்லை. அப்போதுதான் வக்கீல் வழி திறக்கிறது. நிஞ்சி வழக்கு என்ற காரணத்தோடு அவர் முகவரி எடுக்கலாம். மொபைல் எண் இருந்தால் வக்கீல் சங்கம் மூலம் கம்பெனியிடம் ஒப்பந்தக்காரரின் பெயர், முகவரி கேட்கலாம். பழைய எண்களுக்குத் தகவல் மிஞ்சியிருப்பது அரிது. முதலில் குடும்ப நீதிமன்றத்தில் சமரச மனு, முத்திரைக் கட்டணம் 1,200 யென், தபால்தலை தனி. டிஎன்ஏ சோதனைக்குச் சுமார் ஒரு லட்சம் யென், பெரும்பாலும் கேட்பவர் தலையில். மறுப்பவரைக் கட்டாயப்படுத்தி எடுக்க முடியாது, ஆனால் மறுத்தார் என்பதை நீதிபதி கணக்கில் எடுப்பார். அப்பா உயிரோடு இருக்கும்வரை கெடு இல்லை. இறந்தால் 3 ஆண்டுக்குள், அரசு வழக்கறிஞரைப் பிரதிவாதியாக்கி வழக்கு.

அரசுச் சட்ட உதவியான ஹோதெராசு, இங்கே முகவரியும் முறையான விசாவும் உள்ள வெளிநாட்டவருக்குக் கிடைக்கும். மணிலாவில் இருந்துகொண்டு கேட்டால் கிடைக்காது. பாலாவின் தோழி டோக்கியோவில் இருப்பது இந்த விதத்திலும் அனுகூலம்.

#23 பாலா_நிஷிகசாய்

குடியுரிமை பற்றியும் தோழி கேட்டார். அவசரமில்லை என்றார்.

#24 சட்டநாதன்

அறிவிப்பு மூலம் குடியுரிமை பெறும் வயது வரம்பு தாண்டிவிட்டது. 2022 ஏப்ரல் முதல் அது 18. ஆனால் "ஜப்பானியரின் பிள்ளையாகப் பிறந்தவர்" என்ற விசாவுக்கு வயது வரம்பு இல்லை, வேலை மாறினாலும் அது நிற்கும். ஜப்பானியரின் பிள்ளை இங்கே குடியிருந்தால், குடியுரிமை விண்ணப்பத்தில் ஐந்தாண்டு வாசம் என்ற நிபந்தனையும் கிடையாது. இரண்டுக்கும் அடிப்படை அதே கொசெகி நகல்தான், அப்பா பேசினாலும் பேசாவிட்டாலும். ஆகவே தாள்கள் வரும்போது ஒரு பிரதியைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

#25 பாலா_நிஷிகசாய்

எல்லோருக்கும் நன்றி. யோத்சுயாவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார். மணிலாவில் சித்தி மூலம் பதிவாளர் கோப்பு கேட்டாயிற்று. டார்ச் அடித்துப் பார்த்ததில் வீட்டு எண்ணில் கடைசி இலக்கம் 7 அல்லது 1.

#26 அதாச்சி_ஆறுமுகம்

ஜப்பானியர் கையெழுத்தில் 7க்கு இடதுபக்கம் சின்னக் கொம்பு ஒன்று இறங்கும். 1 வெறும் கோடு, மேல் மூக்கு இருக்காது. உறையில் இன்னொரு 7 அல்லது 1 எங்காவது இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தபால் குறியீட்டிலேயே இருந்தாலும் இருக்கும்.